ஈனுலையின் எதிர்காலமும் மறுசெயலாக்கமும்: கல்பாக்கத்தை முன்வைத்து

அணுக்கழிவுக்கு, எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் ஈனுலையே தீர்வு என்ற வாதம் இன்று பரவலாக ஒலிக்கிறது. எரிந்த எரிபொருளை மறுசெயலாக்கம் செய்தால் கழிவு குறையும், மின்சாரமும் கிடைக்கும் என்கிறார்கள். கல்பாக்கத்தின் அனுபவம் இதை அப்படியே ஏற்க விடவில்லை. இந்தியாவில் மறுசெயலாக்கம் முதன்மையாக எரிபொருள் ஆக்கும் தொழில். ஈனுலைகள் எவ்வளவு விரைவாகப் பெருகும் என்பதைத் தீர்மானிப்பதும் அதன் திறனே என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஹோமி பாபா 1950களில் வகுத்த மூன்று கட்டத் திட்டத்தில் இதற்கான காரணம் இருக்கிறது. கனநீர் உலைகளில் இயற்கை யுரேனியம் எரியும்போது உண்டாகும் புளூட்டோனியம் இரண்டாம் கட்ட ஈனுலைகளுக்கு எரிபொருளாகும். மூன்றாம் கட்டத்தில் கடலோர மணலின் தோரியம் வரும். டிராம்பேயில் 1964இலேயே புளூட்டோனியம் பிரிக்கும் ஆலை இயங்கியது. அது பிரித்த புளூட்டோனியம் 1974இல் பொக்ரான் சோதனைக்கும் பயன்பட்டது. கல்பாக்கத்தின் சோதனை ஈனுலை 1985 அக்டோபரில் முதல் தொடர்வினையை எட்டியது.

500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையின் கட்டுமானம் 2004இல் தொடங்கியது. 2010இல் முடிய வேண்டிய திட்டம். உலைக்கருவை நிரப்பும் பணி தொடங்கியதோ 2024 மார்ச்சில். இந்தத் தாமதத்தைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். எரிபொருள் கணக்கு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. முதல் உலைக்கருவுக்கு ஏறத்தாழ இரண்டு டன் புளூட்டோனியம் வேண்டும். கனநீர் உலையில் எரிந்த ஒரு டன் எரிபொருளில் கிடைப்பது மூன்றரை முதல் நான்கு கிலோதான். ஆகவே ஒரே உலைக்கு 500 டன்னுக்கு மேல் மறுசெயலாக்கம் செய்தாக வேண்டும். ஆண்டுக்கு 100 டன் திறனுள்ள கல்பாக்கம் ஆலை முழுத் திறனில் ஓடினாலும் ஐந்தாண்டு வேலை இது.

ஈனுலையிலிருந்து வெளிவரும் எரிபொருளைப் பிரிப்பது இன்னும் கடினம். அதில் புளூட்டோனியத்தின் செறிவு பல மடங்கு அதிகம் என்பதால், கலன்களுக்குள் கட்டுப்பாடற்ற தொடர்வினை மூளாதபடி அளவையும் வடிவத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். கடுங்கதிர்வீச்சு, பிரித்தெடுக்கும் கரைப்பானையே சிதைக்கும். சோதனை உலையின் கார்பைடு எரிபொருளை ‘கோரல்’ கூடம் 2003 முதல் பிரித்துவருவது உண்மையான சாதனை. ஆனால் ஆய்வுக்கூட அளவில் வென்ற முறை ஆலை அளவிலும் வெல்லும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதே 2003இன் ஜனவரியில் கல்பாக்கம் மறுசெயலாக்க ஆலையில் ஒரு வால்வு பழுதானது. உயர்கதிர்வீச்சுக் கழிவு தாழ்கதிர்வீச்சுத் தொட்டிக்குள் புகுந்தது. ஆறு ஊழியர்கள் வரம்பை மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள்.

கழிவும் மறைந்துவிடுவதில்லை. சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 போன்றவை கண்ணாடியில் உறைய வைக்கப்பட்டு நூற்றாண்டுகள் காக்கப்பட வேண்டும். அவற்றின் இறுதி இடம் எது என்ற கேள்விக்கு அரசிடம் விடை இல்லாததால்தான், கோலார் சுரங்கத்தின் பெயர் 2012இல் அடிபட்டதும் எதிர்ப்பு வெடித்தது. திண்டுக்கல்லை அடுத்த தேனியின் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அறிவிக்கப்பட்டபோதும், மலைக்குள் கழிவைப் புதைப்பார்கள் என்ற அச்சம் மக்களிடம் எழுந்தது.

யுரேனியம் குறைந்த நாட்டுக்கு வேறு வழி ஏது என்ற ஆதரவாளர்களின் கேள்வி வலுவானது. எனினும் 2008க்குப் பின் இறக்குமதி வாய்ப்பு விரிந்திருக்கிறது. அவசரம் முன்புபோல் இல்லை. பிரான்ஸ் தன் சூப்பர்ஃபீனிக்ஸ் ஈனுலையை 1990களின் இறுதியில் மூடியது. 1995இல் சோடியம் கசிந்த மோன்ஜு ஈனுலையைக் கைவிட ஜப்பான் 2016இல் முடிவெடுத்தது. ரஷ்யாவின் பிஎன்-600 மட்டும் 1980 முதல் ஓடுகிறது. ஈனுலை இயங்கக்கூடியதே என்பதற்கு அது சான்று. எரிபொருள் சுழற்சி முழுமையடைந்துவிட்டது என்பதற்கு அல்ல.

எனவே அடுத்த ஈனுலைகளுக்கான அனுமதியை ஒரு நிபந்தனையோடு இணைப்பதே அறிவார்ந்த கொள்கை: முன்மாதிரி உலையின் சொந்த எரிபொருள் பிரிக்கப்பட்டு, மீண்டும் அதே உலையில் எரிய வேண்டும். அந்தப் பணியில் ஊழியர் பெற்ற கதிர்வீச்சளவும் உண்டான கழிவின் அளவும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அதுவரை ஈனுலையைக் கழிவுக்குத் தீர்வென்று சொல்வது பொருந்தாது. அது நீண்டகால எரிபொருள் ஆராய்ச்சி மட்டுமே.