வாதமும் வலியும்: தமிழகத்தில் குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவ வரலாறு – திருமானூர் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவம் தொழுநோயையும் இளம்பிள்ளை வாதத்தையும் எதிர்கொண்ட காலத்தில் உருப்பெற்றது. இளம்பிள்ளை வாதம் ஒழிந்த பின்னரும் அதன் முறைகளும் அளவுகோல்களும் மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்குரியனவாகத் தொடர்ந்தன. இம்மரபில் நடை முதன்மை பெற்றதையும், நாட்பட்ட வலி கணக்கில் வராமற்போனதையும் இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. அதன் இன்றைய விளைவைக் காட்டும் இடமாக அரியலூர் மாவட்டத் திருமானூர் ஒன்றியம் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இயன்முறை மருத்துவம், இளம்பிள்ளை வாதம், மூளை முடக்குவாதம், நாட்பட்ட வலி, வேலூர், ஆய்க்குடி, திருமானூர்.

முன்னுரை

கொள்ளிடத்தின் வடகரையில், தஞ்சாவூரையும் அரியலூரையும் இணைக்கும் சாலையில் திருமானூர் அமைந்துள்ளது. 1990இல் இங்குப் பிறந்த ஒருவர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினர். 1995இல் அவர் பெரம்பலூர் மாவட்டத்தினர் ஆனார். 2001இல் அரியலூர் மாவட்டம் உருவானது. 2002இல் அது மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. கைகால் இயக்கத்தில் குறைபாடுடைய குழந்தைக்கு அடையாள அட்டை, மருத்துவச் சான்று, உதவிக் கருவி ஆகிய யாவும் மாவட்டத் தலைநகரின் வழியாகவே கிடைக்கும். ஆதலால் இம்மாற்றங்கள் வரைபடத்தோடு நின்றுவிட்டவை அல்ல. குழந்தையைத் தூக்கிச் செல்லும் தாய்க்கு ஒவ்வொரு மாற்றமும் வேறொரு பேருந்து, வேறொரு வாயில். சிகிச்சை முறைகளின் வரலாற்றைப் பேசும் நூல்கள் இத்தொலைவைப் பொருட்படுத்துவதில்லை. எனினும் எந்தச் சிகிச்சை பயன் தரும் என்ற வினாவோடு இத்தொலைவு நேரடித் தொடர்புடையது என்பது பின்னர்ப் புலப்படும்.

சொல்லும் நோயும்

சித்த மருத்துவத்தில் வாதம் என்பது உடலின் இயக்கத்தை நடத்தும் தாது. யூகி வைத்திய சிந்தாமணி வாத நோய்களை எண்பதாக வகுக்கிறது. மூட்டில் நோவு தரும் கீல்வாதமும், உறுப்பை முடக்கும் பக்கவாதமும் அங்கு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வலியும் இயக்கக் கேடும் ஒரே மூலத்தின் இரு முகங்கள் என்ற கருத்து இதில் அடங்கியுள்ளது. மொழியும் இதற்கு இணங்குகிறது. வலித்தல் என்பதற்கு நோதல் என்ற பொருளோடு இழுத்தல் என்ற பொருளும் உண்டு. துடுப்பு வலித்தல் என்பது இன்றும் வழக்கில் உள்ளது. உடல் இழுத்துக்கொள்வது வலிப்பு எனப்படுகிறது. தசையின் இழுப்பையும் அதனால் விளையும் நோவையும் தமிழ் ஒரே அடிச்சொல்லால் சுட்டுகிறது.

நவீன மருத்துவம் தமிழில் பெயர் பெற்றபோது போலியோ இளம்பிள்ளை வாதமாகவும், பிறப்பை ஒட்டி மூளைக்கு ஏற்படும் பாதிப்பு பெருமூளை வாதம், மூளை முடக்குவாதம் எனவும் வழங்கலாயின. இரண்டும் வேறு வேறு. முன்னது தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்களைத் தாக்கும் தொற்று. அதில் தசை தளரும், தொடுவுணர்வு குன்றாது. பின்னது வளரும் மூளையில் நேர்ந்த காயம். அதில் பெரும்பாலும் தசை விறைக்கும், இயக்கத்தைத் திட்டமிடுவதே தடைப்படும். வாதம் என்ற பொதுச்சொல் இவ்விரண்டையும் மக்கள் மனத்தில் ஒன்றாக்கியது என்று கூறலாம். ஆயினும் பழி முழுவதையும் தமிழ்ச் சொல்லின்மீது சுமத்துவது முறையன்று. ஆங்கிலத்தின் பால்சி என்பதும் பாராலிசிஸ் என்பதன் தேய்ந்த வடிவமே.

வேலூர் மரபு

1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளரின் விரல்கள் அழிவது நோய்க்கிருமி தசையைத் தின்பதால் அன்று. வலி உணரப்படாததால் நேரும் சிறு காயங்களே காரணம் என்று அவர் நிறுவினார். வலியின்மையே ஊனத்தின் காரணம் என்ற இம்முடிவு மருத்துவ உலகின் பொதுக் கருத்தைத் தலைகீழாக்கியது. மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த அவர் மேற்கொண்ட தசைநாண் மாற்று அறுவை மற்றொரு பாடத்தையும் தந்தது. இடம் மாற்றப்பட்ட தசையைப் புதிய பணிக்குப் பழக்க வேண்டியது மூளை. அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் இயன்முறை மருத்துவர் தரும் பயிற்சி இல்லையேல் அறுவையால் பயனில்லை.

இம்மரபின் மறுகிளை மேரி வர்கீஸ். பிராண்டின் மாணவியான இவர் 1954இல் நிகழ்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உள்நோயாளர் தங்கிப் பயிற்சி பெறும் நிலையங்களில் இந்தியாவின் தொடக்ககால முன்மாதிரி இது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இளம்பிள்ளை வாதம் விட்டுச்சென்ற அளவுகோல்

இந்தியாவில் இயன்முறை மருத்துவக் கல்வி 1950களின் தொடக்கத்தில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையுடன் வேரூன்றியது. அதற்குத் தூண்டுதலாக அமைந்தது இளம்பிள்ளை வாதப் பரவல். தளர்ந்த தசையை வலுப்படுத்துதல், சுருங்கும் மூட்டை நீட்டிவிடுதல், காலிப்பர் பூட்டி நிற்கச் செய்தல் ஆகியவை அந்நோய்க்குப் பொருத்தமானவை. வெற்றியை அளப்பதும் எளிது: குழந்தை நடந்ததா, இல்லையா?

வேலூரில் டி. ஜேக்கப் ஜான் மேற்கொண்ட ஆய்வுகள், மூன்று தவணை வாய்வழிச் சொட்டு மருந்து இந்தியக் குழந்தைகளுக்குப் போதாது என்பதைக் காட்டின. 1995இல் நாடு தழுவிய முகாம்கள் தொடங்கின; 2011 ஜனவரியில் இறுதி நோயாளி மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார்; 2014 மார்ச்சில் நோய் நீங்கியதாகச் சான்றளிக்கப்பட்டது. நோய் நீங்கியது, நடையை மட்டும் அளக்கும் அளவுகோல் நீங்கவில்லை. சிகிச்சைக் கூடங்களில் அதற்குப் பின் முதன்மை பெற்றவர்கள் மூளை முடக்குவாதக் குழந்தைகள்.

அக்குழந்தைகளுக்கான தனி மரபு இல்லாமல் இல்லை. வில்லியம் லிட்டில் 1860களிலேயே இந்நிலையை விரித்துரைத்தார்; பின்னாளில் உளப்பகுப்பாய்வால் அறியப்பட்ட சிக்மண்ட் பிராய்டு 1897இல் இதைக் குறித்துப் பெருநூல் எழுதினார். பெர்லினிலிருந்து இலண்டனுக்குப் புலம்பெயர்ந்த பெர்த்தா பொபாத், கரேல் பொபாத் இணையர் வகுத்த கையாளல் முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் பரவியது. 1970களின் தொடக்கத்தில் மிது அலூர் பம்பாயிலும், 1985இல் பூனம் நடராஜன் சென்னையிலும் இக்குழந்தைகளுக்கான அமைப்புகளை நிறுவினர். இருவரும் மூளை முடக்குவாதக் குழந்தைகளின் தாயர் என்பது கருதத்தக்கது. சென்னை அமைப்பே இன்றைய வித்யாசாகர். எனினும் இவை பெருநகரங்களில் அமைந்தவை. கொள்ளிடக் கரை ஊர்களுக்குக் காலிப்பர் முகாம் எட்டிய அளவுக்கு இவை எட்டவில்லை.

சான்று கேட்ட காலம்

2013இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக்கும் குழுவினரும் மூளை முடக்குவாதச் சிகிச்சைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டனர். குழந்தைக்குத் தேவையான ஒரு செயலை இலக்காகக் கொண்டு அதையே திரும்பத்திரும்பப் பழகுதல், வீட்டில் தொடரும் பயிற்சித் திட்டம், வலுவுள்ள கையைக் கட்டுப்படுத்தி நலிந்த கையைப் பழக்குதல் ஆகியவற்றுக்கு வலுவான சான்று கிடைத்தது. சிகிச்சையாளர் தம் கைகளால் குழந்தையின் உடலை இயக்கும் பொபாத் மரபுக்கும், தனித்துச் செய்யப்படும் கைநீட்டல் பயிற்சிக்கும் அத்தகைய சான்று இல்லை. தம் இன்றைய நடைமுறை பழைய பொபாத் முறையினின்று வேறுபட்டது என அம்மரபினர் மறுத்தனர், இவ்வாதம் முற்றுப்பெறவில்லை.

திருமானூர் போன்ற ஒன்றியத்துக்கு இம்முடிவு தரும் பொருள் தனித்தன்மையுடையது. மாதம் ஒருமுறை தலைநகருக்குச் சென்று பெறும் கைநீட்டலைவிட, நாள்தோறும் வீட்டுத் திண்ணையில் குவளையைப் பிடித்துப் பழகும் பயிற்சிக்கு அதிகப் பயன் உண்டு என்றால், தொலைவு என்ற தடையின் பெரும்பகுதி நீங்குகிறது. ஆனால் அப்பயிற்சியை வகுத்துத் தருபவர் வீட்டுக்கு வர வேண்டும்.

இவ்வழியில் தமிழகத்தில் முன்சென்றது தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம். 1975இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் இதைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சையளித்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்குச் சூட்டினார். கிராமத்தில் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் வீடுகளுக்குச் செல்லவும், இயன்முறை மருத்துவர்கள் செயலி வழியே அவர்களை நெறிப்படுத்தவும் சங்கம் வழிவகுத்தது. அதன் விளைவுகள் பன்னாட்டு ஆய்விதழ்களில் வெளியாகியுள்ளன. நோயாளராக இருந்தவரே நிறுவனராகும் வேலூர் மரபு இங்கும் தொடர்வதைக் காணலாம்.

வலியின் வருகை

நோவாக் குழுவினர் 2012இல் வெளியிட்ட மற்றொரு தொகுப்பு, மூளை முடக்குவாதம் உடையோரில் நால்வருக்கு மூவர் வலியோடு வாழ்வதாகக் கணித்தது; மூவரில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகுகிறது; நால்வரில் ஒருவரால் பேச இயலாது. இவை பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் தரவுகள். ஆயினும் மூன்று எண்களையும் சேர்த்து நோக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. பேச இயலாத குழந்தையின் இடுப்பு மூட்டு விலகுமானால் அதன் நோவை யார் அறிவார்?

வலியை வெறும் எச்சரிக்கை மணியாகக் கண்ட பார்வை 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகியோரின் வாயிற்கதவுக் கொள்கையால் மாறத் தொடங்கியது. வலிச் செய்தி தண்டுவடத்திலேயே பெருக்கவும் குறைக்கவும்படுகிறது என்றனர் அவர்கள். பன்னாட்டு வலி ஆய்வுக் கழகம் 1979இல் வெளியிட்ட வரையறையை 2020இல் திருத்தியபோது, சொல்லால் கூறுவது வலியை வெளிப்படுத்தும் வழிகளுள் ஒன்றே எனவும், கூற இயலாமை வலி இல்லாமைக்குச் சான்றாகாது எனவும் குறிப்பு சேர்த்தது. தொழுநோயாளரிடம் வலி இல்லாமையைக் கண்டறிந்த தமிழக மறுவாழ்வு மரபு, பேசாத குழந்தையிடம் வலி இருப்பதைக் கண்டறியும் பணியில் அதே கூர்மையைக் காட்டவில்லை என்றே கூற வேண்டும். கைநீட்டலின்போது எழும் அழுகை, சிகிச்சைக்கு இயல்பான விலையாகவே நெடுங்காலம் கருதப்பட்டது.

மாற்று வழி இயலாததன்று. தென் சுவீடனில் 1994இல் தொடங்கிய கண்காணிப்புத் திட்டம் மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்குக் குறித்த இடைவெளியில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்தது. அதற்கு முன் நூற்றுக்கு ஏறத்தாழ 9 குழந்தைகளுக்கு நேர்ந்த முழு மூட்டு விலகல் நூற்றுக்கு 1க்கும் கீழாகக் குறைந்தது. எக்ஸ்ரே கருவி அரிய பொருளன்று. அரிதாக இருப்பது குறித்த நாளில் குழந்தையை நினைவுகூரும் பதிவேடு.

கொள்ளிடக் கரையில்

இன்று ஒன்றிய அளவில் இக்குழந்தைகளுக்கு இயன்முறைப் பயிற்சி, பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையம் வழியாகவும் இல்லம்சார் கல்வி வழியாகவும் கிடைக்கிறது. 2013இல் தொடங்கிய குழந்தைகள் நலவாழ்வுத் திட்டத்தின் தொடக்கநிலைத் தலையீட்டு மையம் மாவட்ட அளவிலானது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இயன்முறை மருத்துவரையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையையும் வீட்டு வாயிலுக்குக் கொணர்ந்தது. ஆனால் அதன் முதன்மைப் பயனாளர் நாட்பட்ட நோயுற்ற பெரியோர். 2022 ஜனவரியில் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால் சிறப்பு மருத்துவமும் மாவட்டத்துக்குள் வந்தது. சித்த மருத்துவம் ஒன்றாகக் கண்ட இயக்கமும் நோவும் நிர்வாகத்தில் இருவேறு துறைகளிடம் உள்ளன: குழந்தையின் இயக்கத்தைப் பழக்குபவர் கல்வித் துறையின் ஏற்பாட்டில் வருகிறார், நோவைத் தணிக்கும் மருந்து சுகாதாரத் துறையிடம் இருக்கிறது.

இவ்விடைவெளியில் நிற்பவர் தாய். உடை மாற்றும்போது எந்தக் காலைத் தொட்டால் குழந்தை முகம் சுளிக்கிறது, எந்தப் பக்கம் படுத்தால் இரவில் விழிக்கிறது என்பதை அறிந்தவர் அவரே. பேசாத குழந்தையின் வலியை முகம், கால், அசைவு, அழுகை, ஆற்றுப்படும் தன்மை ஆகியவற்றால் மதிப்பிடும் அளவுகோல்கள் 1990களிலிருந்து மேலைநாடுகளில் உருவாகியுள்ளன; இவையும் பெற்றோரின் கூற்றையும் கூர்நோக்கையும் துணைக்கொள்கின்றன. தமிழில் இத்தகைய அளவுகோலுக்கு வேண்டிய சொற்களுக்குப் பஞ்சமில்லை: குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, இழுப்பு, சுளுக்கு, பிடிப்பு. ஒவ்வொன்றும் வெவ்வேறு நோவைக் குறிக்கும்; இழுப்பும் பிடிப்பும் தசையின் நிலையையும் உடன் சுட்டும். வீடு தேடி வருபவர் நடையைப் பற்றிய குறிப்போடு இச்சொற்களுள் தாய் கூறுவது எது என்பதையும் எழுதிக்கொள்ள, பதிவேட்டில் கூடுதலாக ஒரு பத்தி போதும்.