அனலாக்-டிஜிட்டல் மாற்றி: எண் ஏன் தவறுகிறது?

சிட்னியில் எங்கள் தெருவில் பல வீடுகளின் கூரையில் சோலார் பேனல்கள் உண்டு. உச்சி வெயிலில் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் மின்சாரத்தைத் தெருக் கம்பியில் தள்ளும்போது கம்பியின் மின்னழுத்தம் ஏறும். ஆஸ்திரேலிய-நியூசிலாந்துத் தர ஆவணம் 4777.2இன் 2020ஆம் ஆண்டுப் பதிப்புப்படி, ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதியில் 10 நிமிடச் சராசரி 258 வோல்ட்டைத் தாண்டினால் இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக்கொள்ள வேண்டும்.

அந்த முடிவை எடுப்பது உள்ளேயிருக்கும் ஒரு சிறு சிப். அதற்கு வோல்ட் தெரியாது. எண் மட்டுமே தெரியும். வோல்ட்டை எண்ணாக்கித் தருவது அனலாக்-டிஜிட்டல் மாற்றி, சுருக்கமாக ஏ.டி.சி. அது 3.8 விழுக்காடு கூட்டிச் சொன்னால், தெருவில் 249 வோல்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் விலகிவிடும். அதே அளவு குறைத்துச் சொன்னால் 268 வரை அசையாது.

இது வெறும் ஏட்டுக்கணக்கு அல்ல. மோட்டார், இன்வெர்ட்டர் வேலைகளுக்குப் பெயர்பெற்ற டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஃப்2812 சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 12 பிட் ஏ.டி.சி. 0 முதல் 3 வோல்ட் வரை உள்ளதை 0 முதல் 4095 வரையான எண்ணாக்கும். ஒரு எண்ணுக்கு ஏறத்தாழ 0.73 மில்லிவோல்ட். அத்தனை நுணுக்கம் இருந்தும், மொத்த அளவில் சில விழுக்காடு பிழை இருக்கலாம். அதைத் திருத்தும் முறையை விளக்கி அந்த நிறுவனமே ஒரு குறிப்பை வெளியிட்டது. அதன்படி செய்தால் பிழை 0.5 விழுக்காட்டுக்குள் அடங்கும்.

மெல்போர்னில் முதுகலை படித்தபோது இதை அறியாமல் மூன்று வாரங்களைத் தொலைத்தேன். எண் தவறு என்று தெரிந்ததும் 1000 அளவீடுகள் எடுத்துச் சராசரி பார்த்தேன். எண் அழகாக நிலைத்து நின்றது, தவறான இடத்தில்! சராசரி நடுக்கத்தைத்தான் போக்கும். அடி நெளிந்த படியால் நூறு முறை அளந்தாலும் அரிசி குறைவாகத்தானே இருக்கும்?

என் விஷயத்தில் படியை நெளித்தவன் நானேதான். ஏ.டி.சி. ஒவ்வொரு முறையும் உள்ளேயுள்ள சிறு மின்தேக்கியைக் கணநேரம் நிரப்பி, அதையே அளக்கிறது. குழாயில் தண்ணீர் நூலாக வந்தால் குடம் நிரம்ப நேரமாகும். பாதியிலேயே இழுத்தால் குறையும். நான் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க 100 கிலோஓம் மின்தடை வைத்திருந்தேன். மின்தேக்கி 10 பிக்கோபாரட் என்று கொண்டால் கால மாறிலி 1 மைக்ரோ நொடி. 12 பிட் துல்லியத்துக்கு அதைப்போல் 9 மடங்கு காத்திருக்க வேண்டும். நான் கொடுத்ததோ ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவு. முந்தைய சானலின் மிச்சமும் குடத்தில் கிடக்கும் என்பதால், ஒரு சானலைத் தொட்டால் அடுத்தது நகரும். இந்த அறிகுறியைக் கண்டால் உடனே மின்தடையைச் சந்தேகியுங்கள். மல்டிமீட்டரை நம்ப வேண்டாம். அந்தக் கணநேரச் சரிவு அதில் தெரியாது. மாதிரி எடுக்கும் நேரத்தை நான்கு மடங்காக்கிப் பாருங்கள். எண் மாறினால் குற்றவாளி அகப்பட்டான்.

எண் மாறாவிட்டால் சிப்பின் பிறவிப் பிழை. துல்லியம் தெரிந்த இரண்டு மின்னழுத்தங்களை இரண்டு சானல்களில் நிரந்தரமாகக் கொடுங்கள். உதாரணமாக 0.5 வோல்ட்டும் 2.5 வோல்ட்டும். வரவேண்டியவை 682.5, 3412.5; வந்தவை 740, 3575 என்று வைப்போம். 2835ஐ 2730ஆல் வகுத்தால் சாய்வு 1.038; அடிப்பிழை 31. இனி எந்த எண் வந்தாலும் 31ஐக் கழித்து 1.038ஆல் வகுக்க வேண்டியதுதான். 2000 என்று வந்தது உண்மையில் 1896. பதினாறு சானல்களில் இரண்டை இழக்க மனம் வராது, எனக்கும் வரவில்லை. ஆனால் வெப்பத்தோடு பிழை நகரும்போது உடனுக்குடன் திருத்த இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும்: அந்த இரண்டு மின்னழுத்தங்களும் துல்லியமாக இல்லாவிட்டால், திருத்தமே புதிய பிழையாகிவிடும்.

பின்னர் வந்த எஃப்28335 போன்ற சிப்களில் திருத்தத்துக்கான எண்கள் தொழிற்சாலையிலேயே பதியப்படுகின்றன. சிப் உயிர்பெறும்போது பூட் ராம் அவற்றை எடுத்துப் பொருத்திவிடும். டீபக்கர் வழியாக நிரலை ஓட்டி பூட் ராமைத் தாண்டிவிட்டால் அது நடக்காது. அந்தத் திருத்தச் செயற்கூற்றை நம் நிரலே அழைக்க வேண்டும். மேசையில் தவறாகவும் பெட்டிக்குள் சரியாகவும் அளக்கும் சிப்பைக் கண்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.