எமது முதலாவது சுயசரிதை

மொன்றியலில் எம்மில் பலர் சுயசரிதை எழுதியவர்கள். பெரிய மனிதர்கள் என்பதால் அல்ல. எழுதாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால். றெஸ்ரோறன்டில் கோப்பை கழுவி முடித்து, நடுச்சாமத்தில் அறைக்கு வந்து எழுதினோம். அந்த எழுத்துக்கு எம்மிடையே பெயர் 'கேஸ்'.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. அகதியின் சொல்லை நம்புவதா இல்லையா என்பதை அவரை நேரில் கேட்டே தீர்மானிக்க வேண்டும் என்று 1985 ஏப்ரலில் சிங் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1989இல் குடிவரவு, அகதிகள் சபை வந்தது. நடந்ததைத் திகதிவாரியாக, ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில், படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். விசாரணையில் ஒரு திகதி பிசகினாலும் ஆளே பொய்யன் ஆகிவிடக்கூடும்.

இவ்விரண்டுக்கும் இடையில், 1986 ஓகஸ்ட்டில், நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலில் சொன்னார்கள். கப்பல் புறப்பட்டதோ மேற்கு ஜேர்மனியிலிருந்து. எதைச் சொன்னால் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று கணக்குப் பார்த்தே வாய் திறப்பது அகதியின் முதற் பாடம்.

அந்தக் கணக்கு எமக்கும் பழகிவிட்டது. பிறர் எமக்குச் செய்தவற்றை எழுதினோம். அவை பொய்யல்ல. எம்மவர் பிறருக்குச் செய்தவற்றுக்குப் படிவத்தில் இடமில்லை. 1990 ஒக்ரோபரில் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். பார்த்துக்கொண்டு நின்ற எமது மூத்தவர்கள் அதை எந்தக் கேஸில் எழுதினார்கள்? 2006இல் கனடா புலிகளைத் தடைசெய்த பின் வந்த நாமோ, வன்னியில் பதுங்குகுழி வெட்டிய நாட்களைக்கூட எழுதுவதா விடுவதா என்று யோசித்தோம்.

படிவத்துக்கு வெளியே எழுதியவர்களும் உண்டு. தான் இருந்த புளொட் இயக்கத்துக்குள் நடந்த வதைகளையும் கொலைகளையும் கோவிந்தன் 1985இல் 'புதியதோர் உலகம்' என்று, புனைபெயரில், நாவலாகவே எழுத முடிந்தது. பிரான்சிலிருந்த சி. புஸ்பராஜா 2003இல் சொந்தப் பெயரில் 'ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்' எழுதினார். தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016இல், அவர் இறந்த பிறகு வந்தது. எழுதியது அவர்தானா என்றே சண்டை மூண்டது.

சபைக்கு எழுதியதற்கு வதிவிட உரிமை கிடைத்தது. மற்றதை எழுதினால் துரோகிப் பட்டம்தான் கிடைக்கலாம். என்றாலும், பெட்டிக்குள் கிடக்கும் அந்தப் படிவத்தை மட்டும் படித்து எமது பிள்ளைகள் எம்மை அறிந்தால், அவர்கள் அறிவது அரைவாசிதான்.