கவட்டைக் குடலிறக்க அறுவைமுறைகள்

அடிவயிறும் தொடையும் சேரும் கவட்டைப் பகுதியில் வயிற்றுச்சுவர் நலிந்து, அதன் வழியே குடலோ கொழுப்போ பிதுங்குவது கவட்டைக் குடலிறக்கம். பேச்சில் ஹெர்னியா. ஆண்களிடமே மிகுதி, மருந்துக்குக் கட்டுப்படாது. பிதுங்கியதை உள்ளே தள்ளுவது எளிது. நலிந்த சுவரை எதைக்கொண்டு அடைப்பது என்பதில்தான் முறைகள் பிரிகின்றன.

இத்தாலியின் பதுவா நகரில் எதுவார்தோ பாசினி 1880களில் உட்தசைகளை இழுத்துக் கவட்டைத் தசைநாரோடு தைத்தார். இன்றைய முறைகளுக்கெல்லாம் மூலம் இதுவே. ஆனால் இழுத்துத் தைத்த இடம் வலிக்கும். சிலருக்குத் தையல் விட்டுப்போய்க் குடல் மறுபடி இறங்கும். டொராண்டோவில் 1945இல் தொடங்கிய ஷோல்டைஸ் மருத்துவமனை அதே சுவரை நான்கு வரிசையாக மடித்துத் தைத்து நல்ல பலன் கண்டது. ஓட்டையை அடைக்கச் செயற்கை வலை வைக்காத முறைகளில் இதற்கே முதலிடம். பிற இடங்களில் அதே பலன் எளிதில் வாய்ப்பதில்லை.

லாஸ் ஏஞ்சலிஸின் இர்விங் லிக்டென்ஸ்டைன் 1980களில் இழுப்பதையே கைவிட்டார். ஓட்டையின் மேல் பாலிப்ரொப்பிலீன் வலையைப் பரப்பினார். அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்தாலே போதும், கற்பதும் எளிது. உலகெங்கும் பரவியதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. சிலருக்கு நரம்பு சிக்கி நாட்பட்ட வலி தொடர்வது இதன் குறை.

சிறு துளைகள் வழியே கேமராவின் துணையோடு செய்யும் லேப்ராஸ்கோப்பியில் வலை சுவரின் பின்புறம் அமர்கிறது. வலி குறைவு, வேலைக்கு விரைவில் திரும்பலாம். இருபுறக் குடலிறக்கத்துக்கும், திறந்த அறுவைக்குப் பின் மீண்டும் வந்ததற்கும் இது மிகப் பொருத்தம். பெண்களுக்கும் இதையே பரிந்துரைக்கிறார்கள். ஏனெனில் மறைந்திருக்கும் தொடைக் குடலிறக்கமும் கண்ணில் படும். ஆனால் பெரும்பாலும் முழு மயக்கம் தேவை, செலவும் கூடுதல். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், ஈராண்டுக்குள் மீண்டும் வந்தது லேப்ராஸ்கோப்பியில் சுமார் 10 சதவீதம், திறந்த முறையில் 5. இருநூற்றைம்பதுக்கு மேல் செய்து பழகியவர்களிடம் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. ஆக, முறையை மட்டும் ஒப்பிட்டால் பாதிதான் தெரியும்.

வலையின் விலையும் கணக்கில் சேர்த்தி. மகாராஷ்டிரத்தின் தொண்டைச்சாவில் ரவீந்திரநாத் டோங்காவ்கர் கிருமிநீக்கிய கொசுவலைத் துணியைப் பயன்படுத்திக் காட்டினார். உகாண்டாவில் சுமார் 300 ஆண்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் இத்தகைய மலிவு வலைக்கும் விலையுயர்ந்த வலைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை.

தொந்தரவே இல்லாத ஆண்கள் அறுவையைத் தள்ளிப்போடலாம். குடல் சிக்கி இரத்த ஓட்டம் நின்றால் தாமதம் கூடாது. அழுகிய குடலை வெட்டியெடுக்க நேர்ந்தால், தொற்றுக்கு அஞ்சிப் பல மருத்துவர்கள் வலையைத் தவிர்த்துத் தையல் முறைக்கே திரும்புகிறார்கள்.