சந்தனத்தின் உள்நிலை: மறையூர்க் காட்டிலிருந்து ஓர் அறிவியல் வரலாறு

மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் மலைச்சாலை தேயிலைத் தோட்டங்களைக் கடந்து கிழக்கே இறங்கும்போது மழையும் மெல்ல மெல்லக் குறைகிறது. தென்மேற்குப் பருவமழையை மேற்குச் சரிவுகள் வாங்கிக்கொள்ள, எஞ்சியதே மறையூர், காந்தலூர் முதலிய ஐந்து ஊர்களைக் கொண்ட அஞ்சுநாட்டுக்குக் கிடைக்கிறது. இங்குள்ள பாம்பாறும் மேற்கே கடலுக்குச் செல்லாமல், கிழக்கே ஓடி அமராவதியில் கலக்கிறது. தமிழ் பேசும் குடிகள் நெடுங்காலமாக வாழும் இம்மழைமறைவு நிலத்தில்தான் கேரளத்தின் பெயர்பெற்ற இயற்கைச் சந்தனக் காடு இருக்கிறது. பல்லாயிரம் மரங்கள் வேலியிட்டு, காவலர் அமர்த்திக் காக்கப்படுகின்றன.

வேலி ஒரு கருத்தையும் உடன் சொல்கிறது: காக்கப்பட வேண்டிய பொருள் இந்த மரம்; அதன் எல்லை அதன் பட்டை. ஆனால் சந்தன மரத்தின் எல்லை எங்கே முடிகிறது என்ற வினா, கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாகத் தாவரவியலை அலைக்கழித்த ஒன்று.

விதையிலிருந்து முளைக்கும் சந்தனக் கன்று முதலில் தழைக்கும். துணைச்செடி ஏதுமின்றித் தனியே வளர்க்கப்பட்டால், ஓராண்டு அளவில் இலை வெளிறிச் சோர்ந்துவிடும். நீர் ஊற்றியும் எருவிட்டும் பயன் குறைவு. இப்புதிருக்கு விடை 1871இல் கிடைத்தது. கல்கத்தா தாவரவியல் பூங்காவின் காப்பாளராக இருந்தவர் ஜான் ஸ்காட். ஸ்காட்லாந்தில் தோட்டப் பணியாளராகத் தொடங்கி, சார்லஸ் டார்வினோடு கடிதத் தொடர்பு கொண்டு, அவரது உதவியோடு இந்தியா வந்தவர். சந்தனத்தின் வேர்கள் அண்டைச் செடிகளின் வேர்களைப் பற்றி உறிஞ்சுவதை அவர் பதிவுசெய்தார். மன்னர்களும் கோயில்களும் போற்றிய மரம் ஒரு வேர் ஒட்டுண்ணி என்று தெரியவந்தது.

அப்பற்றுதலின் உடற்கூற்றை விரிவாக ஆராய்ந்தவர் சென்னை மாகாண அரசின் தாவரவியலாளர் சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பர். 1906, 1907 ஆண்டுகளில் வெளியான அவரது ஆய்வுகள், சந்தன வேரிலிருந்து எழும் மணி வடிவ உறிஞ்சுறுப்பு அண்டை வேரைக் கவ்வி, பட்டையைத் துளைத்து, மரத்திசுவை எட்டும் முறையை விளக்கின. இதே பார்பர்தான் 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க ஆய்வைத் தொடங்கிவைத்தவர். சந்தனத்துக்கும் கரும்பு வெல்லத்துக்கும் ஒருங்கே பெயர்பெற்ற மறையூருக்கு இது பொருத்தமான தற்செயல்.

சந்தனம் முழு ஒட்டுண்ணி அன்று. அதற்குப் பச்சை இலைகள் உண்டு. சூரிய ஒளியில் தன் மாவுச்சத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது. நீரையும் கனிமச் சத்துகளையுமே பெரிதும் பிறரிடம் பெறுகிறது. நைட்ரஜனும் பாஸ்பரசும் பெரும்பாலும் அண்டை மரத்திலிருந்து வருகின்றன. கால்சியத்தை அதன் வேர் மண்ணிலிருந்தே எடுக்கிறது. அண்டை வேரிலிருந்து நீர் தன்பக்கம் பாய வேண்டுமானால், தன் திசுக்களின் நீர் அழுத்தம் அண்டை மரத்தினுடையதைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். மிகுதியான நீராவிப்போக்கும் செல்களில் திரளும் கரைபொருள்களும் இச்சரிவைக் காக்கின்றன. அதாவது சந்தனத்தின் உட்சமநிலை அண்டை மரத்தோடு ஓயாது பேணப்படும் ஒரு வேறுபாட்டின்மேல் நிற்கிறது.

உயிரியலின் பெரிய கருத்தாக்கம் ஒன்றை இங்கு நினைவுகூரலாம். உயிரின் உட்சூழல் நிலையாக இருப்பதே அதன் சுதந்திர வாழ்வுக்கு அடிப்படை என்று பிரெஞ்சு உடலியலாளர் க்ளோத் பெர்னார் வாதிட்டார். அவர் மறைந்த 1878ஆம் ஆண்டில் வெளியான விரிவுரைகள், விலங்குகளுக்கும் தாவரங்களுக்கும் பொதுவான உயிர் நிகழ்வுகளைப் பற்றியவை. ஆயினும் அவற்றில் தாவரங்கள் புறச்சூழலுக்கேற்ப ஏறியிறங்கும் அலைவு வாழ்வுக்கு உரியவையாகவே வைக்கப்பட்டன. சுதந்திர வாழ்வு வெப்பக்குருதி விலங்குகளுக்கு உரியதாயிற்று. 1926இல் அமெரிக்கரான வால்ட்டர் கேனன் இந்த நிலைபேணலுக்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயரிட்டார். தோலுக்குள் அடைபட்ட குருதியும் நிணநீருமே இக்கருத்தின் முன்மாதிரி. பிறன் வேருக்குள் தன் வாயை வைத்து வாழும் மரம் இம்மாதிரிக்குள் எளிதில் அடங்குவதில்லை.

சொற்களும் இச்சிக்கலைத் தாங்கி நிற்கின்றன. ஒட்டுண்ணி என்னும் தமிழ்ச்சொல் ஒட்டி உண்பதைக் குறிக்கிறது. பேச்சு வழக்கில் அது வசையாகவும் ஆகிவிட்டது. ஒட்டப்படும் உயிருக்குப் பாடநூல்கள் தந்த பெயரோ ஓம்புயிரி. விருந்தோம்பலில் உள்ள அதே ஓம்பு. ஒரு சொல் உறவைச் சுரண்டலாகப் பார்க்க, மற்றது பேணலாகப் பார்க்கிறது. ஓர் உறவின் இருமுனைகளுக்கும் வெவ்வேறு அறமதிப்பு கொண்ட பெயர்களைத் தமிழ் வைத்திருக்கிறது.

இக்கருத்துப் பூசல் உயிர்வாழ்வுச் சிக்கலாக மாறியது ஸ்பைக் நோயால். 1899இல் குடகில் முதன்முதலாகப் பதிவான இந்நோயில் இலைகள் சிறுத்து, கணுவிடைகள் குறுகி, கிளை நுனிகள் கூர்முட்களைப்போல் விறைத்து நிற்கும். பூவும் காயும் அற்றுப்போகும். சில ஆண்டுகளில் மரம் மாளும். நோயின் காரணம் குறித்து 1917இல் இரு நிலைப்பாடுகள் எதிரெதிரே நின்றன. டேராடூனின் வனத் தாவரவியலாளர் ஆர்.எஸ். ஹோல், மரத்தின் சாற்றோட்டச் சமன் குலைவதே மூலம் என்றார். மைசூர் வேளாண் துறையின் லெஸ்லி கோல்மன், நோயுற்ற கிளையை நலமான மரத்தில் ஒட்டுக்கட்டினால் நோய் பரவுவதைக் காட்டி, வெளியிலிருந்து வரும் தொற்று இது என்றார்.

தீர்ப்பு 1969இல் மின்னணு நுண்ணோக்கி வழியே வந்தது. நோயுற்ற மரத்தின் உணவுக்குழாய்த் திசுவில் செல்சுவரற்ற நுண்ணுயிர்கள் காணப்பட்டன. இன்று அவை ஃபைட்டோபிளாஸ்மா எனப்படுகின்றன. சாறுறிஞ்சும் பூச்சிகள் இத்தகைய நுண்ணுயிர்களைப் பரப்புகின்றன. டெட்ராசைக்ளின் செலுத்தினால் அறிகுறிகள் சிலகாலம் தணிந்து மீளும்; நிலையான மருந்து இல்லை. காரணம் பற்றிய வழக்கில் கோல்மன் வென்றார்.

எனினும் மரம் எவ்வாறு சாகிறது என்று நோக்கினால், ஹோல் கண்டதிலும் உண்மையின் ஒரு பகுதி உண்டு. உணவுக்குழாய் செயலிழக்கவே, இலை ஆக்கிய மாவுச்சத்து கீழிறங்க வழியின்றி இலையிலேயே தேங்குகிறது. மேலே மிகுதி, கீழே பட்டினி. உணவு கிடைக்காத வேர்நுனிகளும் உறிஞ்சுறுப்புகளும் மடிகின்றன. அண்டை மரத்தோடு இருந்த இணைப்பு அறுகிறது. அதன் பின்னர் நீரும் சத்தும் குறைந்து மரம் வாடுகிறது. கிருமி வெளியிலிருந்து வந்தது. ஆனால் அது கொன்றது, மரத்துக்கு உள்ளும் புறமுமாய் ஓடிய ஒரு சமநிலையை.

மறையூர்க் காட்டை ஸ்பைக் நோய் எட்டியது 1980களில். கோடரிக்காக எழுப்பப்பட்ட வேலியால் பூச்சியைத் தடுக்க இயலாது. நோயுற்ற மரங்களை இனங்கண்டு அகற்றுவதே இன்றும் முதன்மையான கட்டுப்பாட்டு முறை. 1998 முதல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சந்தனத்தை அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டுள்ளது.

இந்த வரலாறு மறையூர் முன் வைக்கும் கேள்வி கணக்கெடுப்பு முறையைப் பற்றியது. சந்தனத்துக்கு விலை உண்டு. ஆகவே அது எண்ணப்படுகிறது, ஏலமிடப்படுகிறது, களவாடப்படுகிறது, காக்கப்படுகிறது. அதன் வேரடியில் நீரும் நைட்ரஜனும் தந்து நிற்கும் பெயரற்ற மரங்களுக்கும் புதர்களுக்கும் சந்தையில் விலையில்லை. ஆனால் நாற்றங்காலில் சந்தனக் கன்றின் அருகே துவரையை விதைக்கும் தோட்டத் தொழிலாளிக்கு, ஸ்காட்டும் பார்பரும் கண்டது கைப்பழக்கமாகவே தெரியும்: துவரை வாடினால் சந்தனமும் வாடும். காடு முழுவதற்கும் இதே விதிதான். ஓம்புயிரிகளைக் கணக்கில் சேர்க்காத எந்தச் சந்தனக் கணக்கும், ஒரு மரத்தின் பாதியை மட்டுமே எண்ணிய கணக்கு.