பாத்திரம் வந்த வழி

அம்மாவின் கல்யாணச் சீரோடு வந்த எவர்சில்வர் தூக்கு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. விளிம்புக்குக் கீழே அம்மாவின் பெயர். பாத்திரக்கடையில் சிறு உளியை வைத்துத் தட்டித் தட்டிப் புள்ளிகளாக வெட்டிய எழுத்து. அந்தத் தூக்கு எங்கள் பழைய தெருவில் போகாத வீடில்லை. குழம்பு போகும், பொங்கல் போகும், ஆடி மாதம் கூழ் போகும். போன தூக்கு வெறுமனே திரும்பியதில்லை. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை வரும், இரண்டு எலுமிச்சம்பழம் வரும், ஒன்றும் இல்லாத வீட்டிலிருந்து அடியில் ஒரு கரண்டி சர்க்கரையாவது வரும். பிறர் பாத்திரம் எங்களிடம் வந்தாலும் அம்மா அப்படியேதான் அனுப்புவார். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்பது அந்தத் தெருவில் யாரும் எழுதி வைக்காத சட்டம்.

பாத்திரம் என்றால் தமிழில் மூன்று பொருள். அடுப்பங்கரையில் இருப்பது ஒன்று. கதையிலும் நாடகத்திலும் வரும் ஆள் இன்னொன்று. மூன்றாவது, தகுதி. 'நம்பிக்கைக்குப் பாத்திரமானவர்' என்கிறோம். 'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்கிறோம். சொல் வடமொழியிலிருந்து வந்தது. மூன்று பொருளும் அதனோடு வந்தவை. 'அவன் கேரக்டரே அப்படித்தான்' என்று இன்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. அங்கே அது நாணயத்தில் பொறித்த முத்திரையைக் குறித்தது. முத்திரை ஒருமுறை குத்தினால் குத்தியதுதான். பாத்திரமோ நிரம்பும், காலியாகும், கைமாறும், கழுவி மறுபடி எடுக்கலாம். மனிதக் குணத்தைப் புரிந்துகொள்ள எனக்கு முத்திரையைவிடப் பாத்திரமே உதவியிருக்கிறது. அதைக் காட்டித் தந்தவர் சீத்தலைச் சாத்தனார்.

அவருடைய மணிமேகலைக் காப்பியத்தில் 30 காதைகள். பதினான்காவது காதையின் பெயர் 'பாத்திர மரபு கூறிய காதை'. ஒரு பாத்திரம் எங்கே கிடைத்தது, யார் கையில் இருந்தது, எப்படி மறைந்தது என்று சொல்வதற்கென்றே ஒரு காதை. அந்தப் பாத்திரம்தான் அமுதசுரபி.

அதன் கதை ஒரு சாதாரணப் பிச்சை ஓட்டிலிருந்து தொடங்குகிறது. வாரணாசியைச் சேர்ந்த சாலி என்பவள் குமரிக்கு நீராட வரும் வழியில் ஒரு குழந்தையைப் பெற்று, அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்து அதைக் காக்கிறது. இளம்பூதி என்ற அந்தணன் எடுத்து வளர்க்கிறான். பசு காத்த பிள்ளை என்பதால் ஆபுத்திரன். வளர்ந்தவன் ஒருநாள் வேள்விக்காகக் கட்டிவைத்திருந்த பசுவைக் கண்டு பொறுக்காமல், இரவோடு இரவாக அவிழ்த்துக்கொண்டு போகிறான். பிடித்து அடிக்கிறார்கள். பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்துகிறார்கள். வளர்த்தவனும் கைவிடுகிறான். பசுவைத் திருடிய கள்வன் என்று, அந்தணர் வாழும் ஊர்களில் அவன் நீட்டிய ஓட்டில் கல்லைப் போடுகிறார்கள்.

அங்கிருந்து அவன் மதுரைக்கு வருகிறான். சிந்தாதேவி கோயிலின் முன்மண்டபம் அவனுக்கு வீடாகிறது. பகலெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கிச் சோறு வாங்கி வருவான். கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் நடவாதவர், நோயாளிகள், கவனிக்க ஆளில்லாதவர் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து உண்ணக் கொடுப்பான். மிச்சம்தான் அவனுக்கு. பிறகு அந்த ஓட்டையே தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்வான். கல் விழுந்த கைக்குச் சோறு கிடைத்தபோது அவன் செய்தது இது.

ஒரு மழைநாள் நள்ளிரவில், வழிநடந்து களைத்த சிலர் பசி என்று வந்து நிற்கிறார்கள். ஓட்டில் எதுவும் இல்லை. அவன் துடித்துப் போகிறான். அப்போதுதான் சிந்தாதேவி தன் கையிலிருந்த பாத்திரத்தை அவனிடம் தருகிறாள். நாடே வறண்டாலும் அது வற்றாது. எடுக்க எடுக்கச் சோறு வரும்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். அமுதசுரபி கிடைத்ததால் ஆபுத்திரன் கொடையாளி ஆகவில்லை. ஓட்டில் வாங்கிய பிச்சையையே பகிர்ந்தவன் கையைத் தேடி அமுதசுரபி வந்தது. கோடி ரூபாய் கிடைத்தால் ஊருக்கு நல்லது செய்வேன் என்பவர்களை நாம் எல்லாரும் அறிவோம். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். பத்து ரூபாயை வைத்துக்கொண்டு என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி என்கிறார் சாத்தனார்.

அவர் இத்தோடு விடுவதில்லை. இந்திரன் முதியவராக வேடமிட்டு வந்து, என்ன வரம் வேண்டும் என்று கேட்கிறான். ஆபுத்திரன் விலா ஒடியச் சிரிக்கிறான். பசித்து வந்தவர் உண்டபின் அவர் முகத்தில் தெளியும் மகிழ்ச்சியை இந்தப் பாத்திரம் எனக்குக் காட்டுகிறது, இதைவிட நீ என்ன தரப்போகிறாய் என்பது அவன் பதில். இந்திரன் கோபம் கொள்கிறான். அவன் கொடுக்கும் தண்டனை வினோதமானது. பன்னிரண்டு ஆண்டுகளாக மழையின்றிக் கிடந்த பாண்டிய நாட்டில் மழையைக் கொட்டவைக்கிறான். நாடு செழிக்கிறது. பசித்தவர் இல்லை. சோறு போட்ட அம்பலத்தில் சூதாடிகளும் வீணர்களும் கூடுகிறார்கள். ஆபுத்திரன் பாத்திரத்தோடு ஊர் ஊராகப் போய், உண்பவர் யாராவது உண்டா என்று கேட்கிறான். யார் இவன் என்று இகழ்கிறார்கள்.

ஒரு மனிதனைக் கொடுமைப்படுத்தாமல், அவனையே தேவையில்லாதவனாகச் செய்துவிடும் சோதனை இது. எங்கள் வீட்டிலும் இதைப் பார்த்தேன். தெருவை விட்டு அடுக்ககத்துக்குக் குடிவந்த பிறகு, எல்லார் வீட்டிலும் எல்லாம் இருந்தது. அம்மா முதல் மாதம் தூக்கோடு இரண்டு வீட்டுக் கதவைத் தட்டினார். பரவாயில்லைங்க, எங்களிடம் இருக்கிறது என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். தூக்கு அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. கடைசி வரை அம்மா அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

ஆபுத்திரன் சோர்ந்து உட்காரவில்லை. சாவக நாட்டில் மழையில்லை, மக்கள் மடிகிறார்கள் என்று கப்பலில் வந்தவர்கள் சொல்லக் கேட்டுக் கப்பல் ஏறுகிறான். கடல் கலங்க, கப்பல் மணிபல்லவத் தீவில் ஒரு நாள் நிற்கிறது. அவன் இறங்குகிறான். ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவில் அவனும் வற்றாத பாத்திரமும் மட்டும். வேளாவேளைக்கு உண்டு நூறு வயது வாழ்ந்திருக்கலாம். பலர் உயிரைக் காக்கும் பாத்திரத்தை வைத்துத் தன் ஒரு வயிற்றை நிரப்ப அவனுக்கு மனம் வரவில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் மேலே வா, அறமும் அருளும் உள்ளவர் கைக்குப் போ என்று சொல்லிக் கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு, உண்ணாமல் இருந்து உயிர் விடுகிறான்.

அந்தப் பாத்திரம் ஆண்டுதோறும் வைகாசி முழுநிலா நாளில் மேலே வந்து போகிறது. ஒருநாள் காப்பியத்தின் நாயகி மணிமேகலையின் கைக்கு வருகிறது. அவள் அதைப் புகார் நகருக்கு எடுத்து வருகிறாள். முதல் பிச்சையை யார் இடுவது என்ற கேள்விக்கு, ஆதிரை என்று பதில் கிடைக்கிறது. ஆதிரையின் கணவன் சாதுவன் கணிகையிடமும் சூதிலும் பொருளை அழித்துவிட்டுக் கடலோடிப் போனவன். கப்பல் உடைந்து நாகர் வாழும் மலைப்பக்கம் ஒதுங்கியவன், அவர்கள் தந்த கள்ளையும் பெண்ணையும் மறுத்து, கொலை வேண்டாம் என்று அவர்கள் மொழியிலேயே எடுத்துச் சொல்கிறான். வீட்டில் வழுக்கியவன் வேற்று நாட்டில் நிமிர்கிறான். முத்திரை மாறாது என்று நம்புகிறவர்களுக்குச் சாத்தனார் சாதுவனைக் காட்டுகிறார்.

ஆதிரை நிறைத்த பாத்திரம் புகாரின் உலக அறவி என்னும் அம்பலத்தில் பசி தீர்க்கிறது. பிறகு சிறைக்குள் போகிறது. கைதிகள் உண்பதைக் கேள்விப்பட்ட மன்னன் என்ன வேண்டும் என்று கேட்க, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றிக் கொடு என்கிறாள் மணிமேகலை, மாறுகிறது. பின்னால் மழை பொய்த்த காஞ்சிக்குப் போய், பதினெட்டு மொழி பேசுவோர் கூடி நிற்க அவர்கள் பசி ஆற்றுகிறது. இடையில் ஒரு காட்சி. சாவக நாட்டில் புண்ணியராசனாக மறுபிறப்பு எடுத்த ஆபுத்திரன் மணிபல்லவம் வந்து, மணலுக்கடியில் கிடக்கும் தன் பழைய எலும்புகளையே பார்க்கிறான். பக்கத்தில், அவனைத் தவறவிட்டதற்கு வருந்தித் திரும்பி வந்து, அவனைப் போலவே உண்ணாமல் உயிர்விட்ட ஒன்பது வணிகர்களின் எலும்புகள்.

இந்தக் கதையே பிறகு ஓலைச்சுவடிகளில் கிடந்து, பலருக்கும் தெரியாமல் போயிருந்தது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் சுவடிகளைத் தேடித் தொகுத்து, புரியாத பௌத்தக் கருத்துகளை மளூர் ரங்காசாரியரிடம் கேட்டுத் தெளிந்து, 1898இல் அச்சில் கொண்டுவந்தார். கோமுகியிலிருந்து பாத்திரம் மறுபடி ஒருமுறை மேலே வந்தது.

கதை எழுதப் பழகும் இளைஞர்கள், பாத்திரத்தை எப்படி உருவாக்குவது என்று கேட்கிறார்கள். நிறம், உயரம், பேச்சு வழக்கு எல்லாம் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆபுத்திரன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியாது. இல்லாதபோது அவன் என்ன செய்தான், அளவில்லாமல் கிடைத்தபோது என்ன செய்தான், யாருக்கும் தேவைப்படாதபோது என்ன செய்தான் என்று தெரியும். அது போதும், அவனை எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன். நம்மைச் சுற்றியுள்ளவர்களையும் நம்மையும் அறிய இந்த மூன்று கேள்விகள் போதும். மூன்றில் கடினமானது கடைசி.

போன மாதம் எங்கள் எதிர்வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. இரவு எட்டு மணிக்கும் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அடுப்பு இன்னும் பொருத்தவில்லை. அம்மாவின் தூக்கை மேல்தட்டிலிருந்து எடுத்துக் கழுவி, ரசம்சாதம் நிறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அந்த வீட்டுச் சிறுமி தூக்கைத் திருப்பிக் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு கைப்பிடி வேர்க்கடலை இருந்தது.