வழிபாடும் வாசலும்: மாவிட்டபுரம் 1968 குறித்துச் சில சிந்தனைகள்

சமயத்தின் சமூகப் பாத்திரம் பற்றி நம்மிடையே நடைபெற்றுவந்துள்ள விவாதங்கள் பெரும்பாலும் இரு முனைகளிலே தேங்கி நின்றுவிடுகின்றன. கடவுள் உண்டா இல்லையா என்னும் தத்துவ வினா ஒரு முனை. சமயம் தமிழுக்கு ஆற்றிய தொண்டு யாது என்னும் பண்பாட்டு வினா மறுமுனை. இவ்வினாக்கள் பயனற்றவை என்பது எமது கருத்தன்று. ஆயின், விடியற்காலையில் எழுந்து, கிணற்றில் நீரள்ளி, தொழிலுக்குச் சென்று, தேநீர்க்கடையிற் களைப்பாறி, மாலையில் விளக்கேற்றும் சாதாரண மனிதரின் வாழ்விலே நம்பிக்கை எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை இவை தொடுவதில்லை. அதனை அறிய வேண்டுமாயின், வரலாற்றின் ஒரு குறிப்பிட்ட கணத்தையும் ஒரு குறிப்பிட்ட இடத்தையும் நாம் தெரிந்தெடுத்து நோக்குதல் வேண்டும். ஈண்டு நாம் தெரிந்தெடுப்பது 1968-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசல்.

வருடாந்தத் திருவிழாக் காலத்தில் அவ்வாசலின் வெளிப்புறத்தே ஒடுக்கப்பட்ட சாதியினர் வழிபாட்டுரிமை கோரி அமர்ந்திருந்தனர். உட்புறத்தே அவர்களைத் தடுப்பதற்கென உயர்சாதியினர் திரண்டு நின்றனர். வெளியே இருந்தோரை ஒழுங்குதிரட்டிய தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தின் முன்னணியிலே நின்றோரிற் பலர் கடவுள் நம்பிக்கையற்ற பொதுவுடைமையாளர். கடவுளை நம்பாதவர் கோயிற் கதவைத் திறக்கப் போராடினர். கடவுளை நம்புவோர் அக்கதவைச் சாத்தி வைத்தனர். இம்முரண்பாட்டினை வெறும் விநோதமாகக் கருதி ஒதுக்கிவிட முடியாது. அன்றாட வாழ்வில் நம்பிக்கை, நம்பிக்கையின்மை ஆகியவற்றின் உண்மையான பொருள் யாது என்பதற்கான விடை அதனுள்ளேயே பொதிந்துள்ளது என்பது எமது துணிபு.

யாழ்ப்பாணச் சமூகத்திலே சமயம் கோயிலுக்குள் மாத்திரம் இருந்ததன்று. கிணற்றடியில், வேறொருவர் நீரள்ளி ஊற்றும்வரை குடத்துடன் காத்து நின்ற பெண்ணின் பொறுமையில் அது இருந்தது. தேநீர்க்கடையில் வேறாக வைக்கப்பட்ட தகரப்பேணியில் இருந்தது. யார் மேலாடை அணியலாம், யாருடைய பிணம் எவ்வழியாகச் செல்லலாம் என்ற விதிகளில் இருந்தது. துடக்கு, தீட்டு, ஆசாரம் ஆகிய சொற்கள் இறையியலுக்கு உரியனவாகத் தோன்றினும், நடைமுறையில் அவை நீரையும் நிலத்தையும் உழைப்பையும் பங்கிடும் சொற்களாகவே தொழிற்பட்டன. நிலத்தை உடைமையாகக் கொண்ட வேளாளர் ஆதிக்கத்தின் கீழ், குடிமை அடிமை முறைகளின் எச்சங்களோடு அமைந்த உற்பத்தியுறவுகளுக்குப் புனிதத்தின் முத்திரையை இட்டது இவ்வாசாரமே எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இவ்வாசாரம் புதிய வடிவமொன்றைப் பெற்றது. 1816-இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியது. கிறித்தவரின் கூரையின்கீழ் உண்ண மறுத்த உயர்சாதி மாணவர்களுக்காகத் தொடக்கத்தில் அயலிலிருந்த சைவர் காணியிலே சமையலிடம் அமைக்கவேண்டியிருந்தது என்ற செய்தி மனங்கொளத்தக்கது. புதிய ஏற்பாட்டையும் வானவியலையும் ஒரே வகுப்பறையிற் கற்க ஆயத்தமாயிருந்தவர்கள் அடுப்பை மட்டும் விட்டுக்கொடுக்க ஆயத்தமாயிருக்கவில்லை. கோட்பாடு மாறலாம், சோறு மாறலாகாது என்பதே அவர்களின் நிலைப்பாடு. மதம் மாறியோரும் மணவுறவிற் பெரும்பாலும் சாதி மாறவில்லை என்பதை நாம் அறிவோம்.

இச்சூழ்நிலையிலேதான் ஆறுமுக நாவலரின் பணி தொடங்கிற்று. 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், மிஷனரிமாரின் பாடசாலை, அச்சியந்திரம், பிரசங்கம், வினாவிடை நூல் ஆகிய சாதனங்களையே அவர்களுக்கு எதிராகக் கையாண்டார். அவரது சைவ வினாவிடையில் நித்திய கருமத்துக்கெனத் தனியியல் உண்டு. துயிலெழுதல், நீராடல், உண்ணல், உறங்கல் எனும் அன்றாடச் செயல்கள் அனைத்தும் அங்கே சமய ஒழுக்கமாக வகுக்கப்பட்டன. அந்நிய ஆட்சியின் பண்பாட்டு மேலாதிக்கத்தை எதிர்த்து நின்ற வகையில் நாவலரின் இயக்கம் முற்போக்கான கூறொன்றைக் கொண்டிருந்தது. பஞ்ச காலத்தில் அவர் நடத்திய கஞ்சித்தொட்டித் தருமமும் மறக்கற்பாலதன்று. ஆயினும் சாதியாசாரத்தைச் சமயாசாரத்தின் பகுதியாகவே அவர் கொண்டார். எனவே, வழக்கமாக மாத்திரம் இருந்த விலக்கல்கள் பல அச்சேறிய விதிகளின் கௌரவத்தைப் பெற்றன. ஆகமத்துக்குப் புறம்பான அண்ணமார் முதலிய தெய்வங்களின் வழிபாடு இழிந்ததாகக் கருதப்படலாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் முதற் பாதியில் இவ்வொழுங்கினை உள்ளிருந்து எதிர்த்தோர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார். 1924-இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய இவ்வமைப்பு, சைவரும் கிறித்தவரும் ஒருங்கிருந்து சாதியொழிப்பைப் பேசிய அரிய களமாயிற்று. எனினும், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படவேண்டும் என்ற ஆணை 1929-இல் வந்தபோது எழுந்த எதிர்ப்பு, படித்தோரின் நல்லெண்ணத்துக்கு இருந்த எல்லையைக் காட்டிவிட்டது. பாடசாலைகள் சில எரியூட்டப்பட்டன. வாங்கில் அமர்வதா நிலத்தில் அமர்வதா என்ற வினாவின் முன், ஒரே கடவுளின் பிள்ளைகள் என்ற பேச்சு ஊமையாகிவிட்டது.

இங்கு யாழ்ப்பாணக் கோயில்களின் சிறப்பான தன்மையொன்றையும் குறிப்பிடுதல் வேண்டும். தமிழ்நாட்டிலே பெருங்கோயில்கள் மன்னராட்சியின் மானியத்தால் வளர்ந்து, பின்னர் அரசின் மேற்பார்வைக்கு உட்பட்டவை. 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நிகழ்ந்த பிரவேசத்துக்கும், பின்னர் 1947-இல் வந்த சட்டத்துக்கும் அப்பின்னணி துணைநின்றது. போர்த்துக்கேயர் ஆட்சியிற் கோயில்கள் இடிக்கப்பட்டு, ஒல்லாந்தர் காலத்தின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் மீள எழுந்த யாழ்ப்பாணக் கோயில்களோ பெரும்பாலும் குடும்பங்களின் அல்லது குருபரம்பரைகளின் உடைமைகளாகவே அமைந்தன. கோயில் ஆதீனமுடையோரின் சொத்து. திருவிழா உபயகாரரின் உரிமை. எனவே வாசலிலே காக்கப்பட்டது தெய்வத்தின் தூய்மை மாத்திரமன்று. காணி, கௌரவம், தலைமை ஆகியன பின்னிப்பிணைந்த ஓர் உடைமையுறவும் அங்கே காக்கப்பட்டது.

1957-ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் கடை, கிணறு, வழிபாட்டிடம் ஆகியவற்றிற் சாதி காரணமாகத் தடைசெய்தலைக் குற்றமாக்கிற்று. ஆனால் சட்டப் புத்தகத்திலிருந்து சங்கானைத் தேநீர்க்கடைவரை அச்சட்டம் நடந்து வருவதற்கு ஒரு தசாப்தம் போதவில்லை. அதனை நடத்திக்கொண்டு வந்தவர்கள் மக்களே. 1966 ஒக்ரோபர் 21-ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் குண்டாந்தடிக்கு உள்ளாயிற்று. அதன் பின் தேநீர்க்கடைகளிலே போராட்டம் மூண்டது, உயிர்ப்பலிகளும் நேர்ந்தன. மக்கள் முதலில் கோயிலுக்குச் செல்லவில்லை, கடைக்கே சென்றனர். சமப் பேணியிலிருந்து சம வாசலுக்கு நீண்ட இவ்வரிசை, அன்றாட வாழ்விற் சமயமும் உலகியலும் ஒரே துணியின் ஊடும் பாவுமாக இருந்தமையை எடுத்துக்காட்டுகின்றது.

மாவிட்டபுரத்திலே தடுத்து நின்றோரின் தலைவராக விளங்கியவர் சி. சுந்தரலிங்கம். அவர் கல்வியறிவற்ற கிராமத்தவரல்லர். ஒக்ஸ்போர்டிற் பயின்றவர், கணிதப் பேராசிரியராக இருந்தவர், 1947-இல் அமைந்த அமைச்சரவையில் இடம்பெற்றவர். அறியாமை அகன்றால் சாதி அகலும் என்ற தாராண்மைவாத நம்பிக்கைக்கு இதைவிட வலிய மறுப்பு வேண்டியதில்லை. அதே ஆண்டு செப்ரெம்பரிலே, திருக்கோணேஸ்வரச் சூழலைப் புனித நகராகப் பிரகடனஞ் செய்யும் முயற்சியை அரசாங்கம் நிறுத்தியதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியின் அமைச்சர் மு. திருச்செல்வம் பதவி துறந்தார். தமிழினத்தின் சின்னமாகக் கோயில் உயர்த்தப்பட்டபோது அதற்காக அமைச்சர் பதவியும் துறக்கப்பட்டது. தமிழருள் ஒரு பகுதியினர் நுழைய முடியாத வாசலாக அது நின்றபோதோ, அத்தலைமை தயங்கி நின்றது. ஒரே ஆண்டில் நிகழ்ந்த இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்காது அக்காலத் தேசிய அரசியலை விளங்கிக்கொள்ள முடியாது.

போராட்டத்துக்கு எதிராக அன்று இரு திசைகளிலிருந்தும் வினாக்கள் எழுந்தன. கடவுளை நம்பாத உங்களுக்குக் கோயிலில் என்ன வேலை என்று பக்தர் கேட்டனர். அபினியைப் பங்கிடுவதற்கா புரட்சி என்று வரட்டுப் பொருள்முதல்வாதிகள் கேட்டனர். இவ்விரு வினாக்களும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை. நம்பிக்கை என்பது தனிமனிதரின் உள்ளத்தே உறையும் கருத்து மாத்திரமே என இரு சாராரும் கொண்டனர். அபினி பற்றிப் பேசிய மார்க்ஸ், அதே பந்தியிலே சமயத்தை மெய்யான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்துக்கு எதிரான கண்டனமாகவும் கண்டார் என்பதை நம்மவரிற் பலர் வசதியாக மறந்துவிடுகின்றனர்.

சைவ மரபே இதற்கு ஒரு சான்று தருகின்றது. பெரியபுராணத்துத் திருநாளைப்போவார், கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் வழங்கியவர். அவர் கொடுத்த தோல் உள்ளே ஒலித்தது. அவர் வெளியே நின்றார். தீயில் மூழ்கி வேறு மேனி பெற்ற பின்னரே தில்லையில் அவருக்கு அனுமதி கிடைத்தது. அறுபத்துமூவருள் ஒருவராக அவருக்குக் குருபூசை நடத்திய சமூகம், அவருடைய வழித்தோன்றல்களை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. மாவிட்டபுரத்தில் அமர்ந்திருந்தோர் கேட்டது தீயில் மூழ்காமல், தமது சொந்த மேனியோடு உள்ளே செல்லும் உரிமையை. அவர்கள் முருகனை நம்பினர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நம்பிக்கையின் அன்றாடப் பொருள், நானும் மனிதன் என்னும் கூற்றாக இருந்தது. அக்கூற்றுக்கு அருகே நின்றமையால் நாத்திகரின் நாத்திகமும் பொருளுடையதாயிற்று.

எனினும் வெற்றியின் எல்லைகளையும் நாம் மறைத்தலாகாது. காலப்போக்கில் மாவிட்டபுரம் உட்படக் குடாநாட்டின் பெருங்கோயில்கள் பல திறக்கப்பட்டன. ஆனால் வாசல் திறந்ததே தவிர, உடைமை கைமாறவில்லை. பரிபாலனமும் பூசையும் உபயமும் பழைய கைகளிலேயே பெரிதும் தங்கின. ஒடுக்கப்பட்டோர் தமது ஊர்களிலே அண்ணமாரை அகற்றிப் பிள்ளையாரை எழுந்தருளச்செய்து, கோபுரமும் கும்பாபிஷேகமும் உடைய ஆகமக் கோயில்களை எழுப்பலாயினர். எதிர்த்துப் போராடிய ஒழுங்கின் வடிவத்தையே தன்மதிப்பின் வடிவமாக அவர்கள் ஏற்றதைப் பரிகசிப்பது எளிது. அவர்களுக்கு வேறொரு பண்பாட்டு வடிவத்தை நாம் அளித்தோமா என்று கேட்பதே நேர்மை. உள்ளே சென்றவர் அங்கு என்ன கண்டார், எதை வேண்டினார் என்பதை நமது இயக்க இலக்கியம் அதிகம் வினவவில்லை. வாசலோடு நமது ஆர்வமும் முடிந்துவிட்டது.

இதனிலும் கடுமையான சுயவிமர்சனம் ஒன்றுண்டு. வாசலில் நின்ற நம்பிக்கையின்மை பலருடைய வீட்டுக்குள் நுழையவில்லை. மேடையிலே கடவுளை மறுத்தவர், மகளின் சாதகக் குறிப்போடு சாதியையும் சேர்த்தே விசாரித்தார். திருநீறு பூசாத நெற்றியும் சீதனம் வாங்கும் கையும் ஒரே உடலில் இணக்கமாக வாழ்ந்தன. கடவுளை மறுப்பதற்கு ஒரு நூல் போதும். சாதியை மறுப்பதற்கோ அடுப்படியையும் மணவறையையும் காணி உறுதியையும் மறுபரிசீலனை செய்யவேண்டும். முற்போக்காளராகிய நாம் பெரும்பாலும் எளிதானதையே செய்தோம்.

1990-இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்க்கப்பட்டபோது மாவிட்டபுரத்தின் வாசல் எல்லோருக்கும் மூடப்பட்டது. உயர்ந்தோரும் தாழ்த்தப்பட்டோரும் ஒருங்கே வெளியே நின்ற அக்காலத்திலும் கிணற்றடிப் பேதங்கள் இடம்பெயர்ந்தோருடன் கூடவே சென்றன. 2009-இல் போர் முடிந்த பின்னரும் முகாம்களில் நெடுங்காலம் தங்கவேண்டியிருந்தோரிற் பெரும்பகுதியினர் காணியற்ற ஒடுக்கப்பட்ட சாதியினரே. 2018-இல் தென்மராட்சியின் வரணியிலே கண்ணகை அம்மன் கோயிலொன்றின் தேர் பெக்கோ எனப்படும் மண்ணகழும் இயந்திரத்தால் இழுக்கப்பட்டது. ஒடுக்கப்பட்டோர் வடம் பிடிப்பதைத் தவிர்ப்பதற்கே இவ்வாறு செய்யப்பட்டதென்ற கண்டனம் பரவலாக எழுந்தது.

மனிதக் கையைவிட இயந்திரம் தூயது என்று ஒரு சமூகம் கருதக்கூடுமாயின், அங்கே நோய் கடவுள் நம்பிக்கையின் மிகுதியுமன்று, குறைவுமன்று. ஒருவரது நம்பிக்கையை அல்லது நம்பிக்கையின்மையை அளப்பதற்கு அவர் எதனை மொழிகின்றார் என்பதை விட, எந்த வாசலின் எப்பக்கத்தில் நிற்கின்றார் என்பதே தக்க அளவுகோல். 1968-இல் வெளியே அமர்ந்திருந்த பக்தரும் அவரருகே அமர்ந்திருந்த நாத்திகரும் ஒரே பக்கத்தில் இருந்தனர். அப்பக்கம் இன்னும் காலியாகிவிடவில்லை. வரணியில் வடம் மறுக்கப்பட்டவர்கள் அங்கேயே நிற்கின்றனர். அவர்களருகே நாமும் நிற்கின்றோமா என்பதே எம்முன் உள்ள வினா.